மீன் எண்ணெய் லூபஸுக்கு மருந்தா?

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். ‘மீன் எண்ணெயும் பட்டினியும் லூபஸைக் குணப்படுத்தும், மாத்திரையை விடுங்கள்’ என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது ஆபத்தான அரைகுறை உண்மை. லூபஸ் போன்ற நோய் இயல்பாகவே வரும் எலிகளுக்குக் கலோரியைக் குறைத்தபோது ஆயுள் கூடியது உண்மை. சோள எண்ணெய்க்குப் பதிலாக மீன் எண்ணெய் கொடுத்தபோது சிறுநீரகத்தில் கேட்டலேஸ் போன்ற, செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் நொதிகளும் கூடின. ஆனால் எலிகளுக்கு அந்த உணவை நோய் முற்றும் முன்பே, இளம் வயதிலேயே தொடங்கினார்கள்! மனிதர்களில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வில் (2022) மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு தனியாகத் தன்னெதிர்ப்பு நோய் வருவதைக் குறைத்ததாக உறுதிப்படவில்லை. அதுவும் தடுப்பு பற்றிய ஆய்வு, சிகிச்சை பற்றியதல்ல. போதாக்குறைக்கு, ஒமேகா-3 தானே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு. லூபஸுக்காக எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், உடலுக்குள் ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை ஏன் அந்தப் பதிவில் எழுதவில்லை?