பெயரைப் பிணையாகப் பிடித்துவைக்கும் தொழில்

ஒரு வீடியோ கேமை ஆடி முடித்தால், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் முழுவதும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அரைமணி நேரம் ஆனாலும் சரி. அந்தப் பட்டியலில் யாரெல்லாம் இல்லை என்று தேடிப் படிக்கத் தொடங்கியபின் பழைய மகிழ்ச்சியோடு அதைப் பார்க்க முடியவில்லை.

2011இல் வெளிவந்த ‘எல்.ஏ. நுவார்’ நினைவிருக்கிறதா? 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸில் நாம் துப்பறியும் போலீஸ்காரர். எதிரில் இருப்பவர் பதில் சொல்லிவிட்டுக் கண்ணை ஒரு கணம் தாழ்த்துகிறார், எச்சில் விழுங்குகிறார். பொய் சொல்கிறாரா என்பதை அந்த முகத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். நடிகர்களைச் சுற்றி 32 கேமராக்கள் வைத்து எடுத்த முகங்கள் அவை. சிட்னியில் இருந்த டீம் பாண்டை நிறுவனத்துக்கு இதை உருவாக்க ஏழு ஆண்டுகள் பிடித்தன. கடைசியில், உழைத்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தது, அல்லது தவறாக இருந்தது. அவர்கள் தாங்களே ஓர் இணையதளம் தொடங்கித் தங்கள் பெயர்களை வெளியிட்டார்கள். இரவுகளும் வார இறுதிகளும் அலுவலகத்திலேயே கழிந்ததை, மேலிடத்தின் வசவுகளைக் கேட்டுக்கொண்டு இருந்ததை முன்னாள் ஊழியர்கள் பத்திரிகையாளரிடம் சொன்னதும் அப்போதுதான்.

பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. எழுதிய நிரலும் வரைந்த ஓவியமும் நிறுவனத்தின் சொத்து; வெளியே எடுத்துப்போக முடியாது. அடுத்த வேலை தேடும்போது, இது என் கைவேலை என்று காட்ட அந்த ஒரு வரிதான் பெரிய சான்று.

அதைத்தான் சில நிறுவனங்கள் பிணையாகப் பிடித்துவைக்கின்றன. வெளியீட்டுக்கு முன்பே விலகியவர்களின் பெயர் பட்டியலில் இடம்பெறாது என்பதே தங்கள் வழக்கம் என்று, ‘எல்.ஏ. நுவார்’ஐ வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் 2018இல் ஒப்புக்கொண்டது. எல்லோரும் இறுதிக்கோட்டைத் தொட வேண்டும் என்பதற்காகவாம். மூன்று ஆண்டுகள் உழைத்தவர் கடைசி மாதத்தில் உடல் தாங்காமல் விலகினால், அந்த மூன்று ஆண்டுகளும் நடக்காதவை ஆகிவிடுமா? படிக்கும்போதே எனக்கு நெஞ்சு கொதித்தது.

அந்த இறுதிக்கோட்டுக்கு முந்தைய மாதங்களைத்தான் துறையில் ‘கிரஞ்ச்’ என்கிறார்கள். 2004 நவம்பரில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் வருங்கால மனைவி பெயர் வெளியிடாமல் எழுதிய பதிவைப் படித்தால் அது விளங்கும். காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை வேலை, வாரத்தில் ஏழு நாளும். ஒழுங்காக நடந்துகொண்டால் எப்போதாவது சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வீட்டுக்குப் போகலாம். கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இல்லை, ஈடாக விடுப்பும் இல்லை. பிறகு ஊழியர்கள் தொடுத்த இரண்டு வழக்குகளில் மட்டும் அந்நிறுவனம் மூன்று கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

விளையாட்டின் மீதுள்ள காதலால்தானே செய்கிறார்கள் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. காதலுக்குக் கூலி குறைவு என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

பெயரிடுவதற்கு வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன; சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கமே வகுத்திருக்கிறது. பின்பற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. அது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடையில் விலகியவரோ, தற்காலிகமாக வந்து பிழை தேடிக் கொடுத்த சோதனையாளரோ, யாராக இருந்தாலும் பெயர் வர வேண்டும்.

கண்டனம் எழுந்தபின் ராக்ஸ்டார், தன் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கேமில் உழைத்துவிட்டு விலகியவர்களின் பெயர்களைத் தன் இணையதளத்தில் நன்றிப் பட்டியலாக வெளியிட்டது. ஆட்டத்தின் முடிவில் ஓடும் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை.