முதலில் அந்தத் தீயை அணையுங்கள்

மின்கட்டண ரசீது, விளம்பரம், செயலி என்று எங்கே பார்த்தாலும் அதே உபதேசம்: விளக்கை அணையுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள். சரி, அணைக்கிறேன். வீணாக்குவது எனக்கும் பிடிக்காது. ஆனால் எண்ணெய்க் கிணறுகளில் இரவும் பகலும் எரிகிற தீயை யார் அணைப்பது?

கச்சா எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவைப் பிடித்து அனுப்பக் குழாய் போட்டால் செலவாகுமாம். அதனால் அங்கேயே கொளுத்திவிடுகிறார்கள். உலக வங்கிக் கணக்குப்படி 2023-இல் மட்டும் இப்படி எரிந்தது ஏறத்தாழ 14,800 கோடி கன மீட்டர். சரியாக எரியாமல் தப்பும் மீத்தேன் வேறு. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு அதிகமாகச் சூடேற்றும்.

நைஜீரியாவின் எண்ணெய்ப் பகுதியான நைஜர் டெல்டாவில் அந்தத் தீக்குப் பக்கத்திலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். புகை, இரைச்சல், கூரையில் படியும் கரி. இவ்வளவு வாயு எரிந்தும் பல வீடுகளில் ஒழுங்கான மின்சாரம் இல்லை. இதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். இப்படி வாயுவைக் கொளுத்துவது வாழும் உரிமையை மீறுகிறது என்று நைஜீரிய நீதிமன்றம் 2005-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்னும் எரிகிறது. கொளுத்துகிறவர்களிடமும் அனுமதிக்கிறவர்களிடமும் முதலில் கணக்குக் கேளுங்கள், அப்புறம் என் வீட்டு மின்விசிறிக்கு வரலாம்.