சி.வை.தா.வைத் தேடுவதென்றால் பதிப்புரைக்குப் போங்கள்

ஓலை ஏடுகளில் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சில் பதிப்பித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி எந்த மேடையில் பேசினாலும் அதே ஒப்புவிப்புத்தான். 1832இல் பிறந்தார், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ., அப்புறம் ராவ்பகதூர் பட்டம். எல்லாம் சரி. அந்த மனுஷர் எதற்குக் கோபப்பட்டார், எதை நினைத்துப் பயந்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

எனக்கு அது கிடைத்தது அவருடைய பதிப்புரைகளில். வீரசோழியம் (1881), கலித்தொகை (1887), சூளாமணி (1889) என்று நூல்களுக்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார், நாங்கள்தான் அதைத் தள்ளிவிட்டு நேரே நூலுக்குள் போய்விடுகிறோம். அவற்றில் வரும் அவையடக்கத்தை வைத்து அவர் பணிவான ஆள் என்று முடிவு கட்டவும் கூடாது. அந்தக் காலத்தில் யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அந்தச் சம்பிரதாயம் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும். ஏட்டை எடுக்கும்போதே ஓரம் சொரிகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டாய்ப் பறக்கிறது என்று சொல்கிறார் பாருங்கள், அந்த இடத்தில்.

முதலில் வாசித்தபோது நல்ல நடை என்று மட்டும் நினைத்தேன். போன வருஷம் அம்மம்மா வீட்டு றங்குப் பெட்டிக்குள் ஒரு வாகட (வைத்திய) ஏட்டுக்கட்டு அகப்பட்டது. கயிற்றை அவிழ்த்து மேல் ஏட்டைத் தொட்டதுதான், விரல் பட்ட இடம் நொறுங்கி மடியில் கொட்டியது, உள்ளே பூச்சி அரித்த துளை ஒன்று ஏட்டுக்கு ஏடு அதே இடத்தில் இறங்கிக்கொண்டே போகிறது, அந்தத் துளைக்குள் எந்த மருந்தின் பெயர் போனதோ தெரியாது. பெரியம்மா பக்கத்தில் நின்று "மூடி வை பிள்ளை, மூடி வை" என்று பதறினா. அன்றிரவு அந்தப் பதிப்புரையைத் திரும்ப எடுத்தேன். அது நடை இல்லை. பெரியம்மாவின் பதற்றமேதான். சங்க நூல் கண்முன்னால் தூளாகிறதே என்று துடித்த ஒருவரின் குரல். 1981இல் பொது நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதை வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

அதனால்தான் மறுபதிப்புப் போடுகிறவர்கள் பழைய பதிப்புரையைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒரு வாழ்த்துரை சேர்ப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மூலத்தை வேறு பதிப்பிலும் வாசிக்கலாம், அந்த மனுஷரை வேறெங்கே தேடுவது?

வீட்டில் பழைய நூல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஸ்கேன் பண்ணும்போது முன்பக்கங்களை விடாதீர்கள். முகப்பு, பதிப்புரை, ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியது, எல்லாவற்றையும் எடுங்கள்.