இந்த விலைக்கு இது போதுமாம்!

"இந்த விலைக்கு இதற்குமேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், அவர் வயதில் மூத்தவராக இருந்தாலும் சரி, சம்பந்தி வீட்டாராக இருந்தாலும் சரி, முகத்துக்கு நேராகத் திருப்பிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்த விலைக்கு? ஆயிரத்து எழுநூறு வெள்ளிக்கு. 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் சட்டப்படி ஒரு தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் எவ்வளவோ, அதே தொகை. ஒருவருடைய ஒரு மாத உழைப்பை முழுதாக வாங்கிக்கொண்டு ரிசீவர் என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கையில் கொடுக்கிறார்கள், தொலைக்காட்சியின் ஒலியை வாங்கி அறையைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்க. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று வாய் திறந்தால், "மலிவுச் சாமான்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று உடனே பதில் வருகிறது. விற்றவர் சொன்னால்கூடப் புரிந்துகொள்ளலாம். அதே பெட்டியை வாங்கி வீட்டில் வைத்திருக்கும் மற்ற உரிமையாளர்கள் சொல்கிறார்கள்! எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

ஒலியில் எனக்குக் குறையே இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக்கு அது தாராளம். ரிசீவர் ஒழுங்காக ஓடும் நாளில் படத்தில் மழைக்காட்சி வந்தால், காயப்போட்ட துணியை எடுக்க அம்மா எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார். ஓட வேண்டுமே!

வாங்குவதற்கு முன் விசாரிக்கத்தான் செய்தேன். இணையக் கடையில் வாங்கியவர்கள் சொல்லியிருப்பதைப் படித்தால், பாதிப் பேர் பொருளைப் பற்றியே பேசவில்லை. "பொருள் பத்திரமாக வந்து சேர்ந்தது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, ஐந்து நட்சத்திரம்." போட்டே பார்க்காததற்கு எதற்கு ஐயா ஐந்து நட்சத்திரம்? "குமிழி உறையை நன்றாகச் சுற்றியிருந்தார்கள், நன்றி." "கொண்டுவந்த தம்பி மரியாதையாகப் பேசினார்." அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும். ரிசீவர் எப்படி இருக்கிறது என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதியவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை.

எதிர்வீட்டு அண்ணனிடம் அதே பெட்டி இருந்தது. "அருமையான சாமான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றார். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அவர் வீட்டுக்குப் போனபோதுதான் கவனித்தேன். பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் சோபாவுக்குப் பின்னால் கிடந்தன. நடு ஸ்பீக்கரின் மேல் முறுக்கு டின். பாட்டு வந்துகொண்டிருந்ததோ தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து. ரிசீவரில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. "எப்படி இருக்கிறது பார்த்தீர்களா?" என்று பெருமையோடு கேட்டுக்கொண்டே டின்னைத் திறந்து நீட்டினார். நன்றாக இருக்கிறது அண்ணே என்றேன். முறுக்கைத்தான் சொன்னேன்.

கிள்ளானில் இருக்கும் மாமா வேறு ரகம். அவருக்கு எல்லாமே வாட்தான். "எத்தனை வாட் மாப்பிள்ளை?" என்பதைத் தவிர வேறு கேள்வியே கிடையாது. கடைக்காரப் பையனுக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. "பாஸ், இதில் பவர் அதிகம்" என்று அட்டைப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 135 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஐந்து சேனலுக்கும் கூட்டினால் 675. ரிசீவரைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்தால், மின் நுகர்வு 260 வாட். சுவரிலிருந்து 260 வாங்கி ஸ்பீக்கருக்கு 675 கொடுக்கும் இயந்திரம் ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதை வரவேற்பறையில் வைக்கக் கூடாது, மின்சாரம் தரும் தெனாகா நேஷனலுக்குக் கொடுத்துவிட வேண்டும். (தகட்டில் இருப்பது உச்ச அளவு அல்ல என்று திருத்த ஒருவர் வருவார். தெரியும் ஐயா. உச்சத்தைக் கணக்கில் எடுத்தாலும் இந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 675 வராது.)

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உண்மை இருக்கிறது. அந்த 135 என்பது ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை ஒலியில், 6 ஓம் சுமையில், 10 சதவீதச் சிதைவு வரும்வரை முறுக்கி எடுத்த எண். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலை ஓட்டி நேர்மையாக அளந்தால் 70. மீனைப் பனிக்கட்டியோடு சேர்த்து நிறுத்தால் சௌக்கிட் சந்தையில் சண்டைக்கு நிற்கிற நாம், இதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு வருகிறோம். ஆம்பிளிபையர் வாட்டை இப்படி ஊதிக் காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1974-லேயே விதி போட்டார்கள். பல சேனல் ரிசீவர்கள் வந்த பிறகு அதிலும் சந்துபொந்து கண்டுபிடித்தார்கள் என்பதால், 2024-இல் அந்த விதியைத் திருத்தி இறுக்கினார்கள்: 8 ஓம், முழு அலைவரிசை, 1 சதவீதத்தைத் தாண்டாத சிதைவு. இங்கே வரும் அட்டைப்பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 70-க்கும் 135-க்கும் காதில் தெரியும் வித்தியாசம் ஏறத்தாழ 3 டெசிபல். அவ்வளவுதான். ஒலியைச் சற்றே கூட்டியது போல இருக்கும். சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது பெரும்பாலான நேரம் ஒரு ஸ்பீக்கருக்குப் போவது ஓரிரு வாட்தான். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் 200 வாட் வாங்கியிருக்கலாமே" என்றார்.

வாட் பொய்யாவது ஒரு முறை ஏமாற்றிவிட்டுப் போய்விடும். தினம் தினம் உயிரை எடுப்பது தொலைக்காட்சியையும் ரிசீவரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பி. தொலைக்காட்சியின் ஒலியை அதே கம்பி வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி, 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 வந்தபோதே வந்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் எங்கள் வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். மாலையில் அம்மா தொடர்நாடகம் பார்க்கத் தொலைக்காட்சியைப் போடுகிறார். ரிசீவர் தானாக விழித்துக்கொள்ள வேண்டும். சில நாள் விழிக்கிறது. சில நாள் இல்லை. சில நாள் விழித்து, முகப்பில் 'டிவி' என்று பச்சை எழுத்தைக் காட்டிக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் நிற்கிறது. நள்ளிரவில் எல்லோரும் படுத்த பிறகு, யாரும் தொடாமலேயே உள்ளே ரிலே 'டக்' என்று அடித்து, பெட்டி தானாக உயிர்பெறும் நாளும் உண்டு. "உன் பெட்டி மறுபடியும் ஊமையாகிவிட்டது, வந்து பார்" என்று அம்மா கூப்பிட்டால், நான் போய்ச் சுவரில் இரண்டு சுவிட்சையும் அணைத்து, காத்திருந்து, முதலில் தொலைக்காட்சி, பிறகு ரிசீவர் என்று அதே வரிசையில் போட வேண்டும். வரிசை மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. அதற்குள் நாடகத்தில் மருமகள் வீட்டை விட்டுப் போய்விட்டிருப்பாள்.

ஒன்றையொன்று எழுப்பும் கட்டளைகள் எல்லாம் எச்டிஎம்ஐ செருகியின் 13-ஆம் ஊசி வழியாகப் போகின்றன. சிஇசி என்று பெயர். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே தடம் அது. தரநிலை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் அதைத் தன் விருப்பத்துக்குச் செய்கிறார். எனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வேறு. சரி, அணைத்துத் தொலைக்கலாம் என்றால் கூடவே ஏஆர்சியும் போய்விடுகிறது. அதை இயக்கி வைப்பதும் அதே கட்டளைதான். ஒளியிழைக் கம்பிக்கு மாறினால் ஒலி தவறாமல் வரும், ஆனால் தொலைக்காட்சி ரிமோட்டில் ரிசீவரின் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடியாது. எழுபது வயது அம்மாவின் கையில் இரண்டு ரிமோட்டைக் கொடுத்து நான் எப்படி நிம்மதியாக வேலைக்குப் போவது?

இதைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டால் ஒரே மந்திரம்: "கேபிளை மாற்றிப் பாருங்கள்." மாற்றினேன். இருநூறு வெள்ளிக் கேபிள் வாங்கச் சொன்னவரும் உண்டு. கேபிளுக்கும் 13-ஆம் ஊசியில் நடக்கும் குளறுபடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "விலை கூடின ரிசீவரில் இந்தத் தொல்லை இருக்காது" என்று தாவிவிடுகிறார்கள்.

யார் சொன்னது? 2020-இல் 8கே என்று மார்தட்டி விற்ற, என் பெட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள ரிசீவர்கள் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியிலிருந்து விநாடிக்கு 120 சட்டகம் கொண்ட 4கே காட்சியைக் கடத்த முடியாமல் திரையைக் கறுப்பாக்கின. உள்ளே இருந்த எச்டிஎம்ஐ சிப்பில் கோளாறு. அவற்றை வாங்கியவர்கள் "இந்த விலைக்கு இது போதும்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கூச்சல் போட்டார்கள். ஒரு நிறுவனம் இலவசமாக ஓர் இணைப்புப் பெட்டியைக் கொடுத்தது, இன்னொன்று உள்ளே இருக்கும் மின்சுற்று அட்டையையே மாற்றிக் கொடுத்தது. வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை, வாங்கினவர்களின் வாயில் இருக்கிறது. நாம்தான் குறைந்த விலையில் வாங்கினோம் என்ற கூச்சத்தில், தயாரித்தவருக்காக நாமே சப்பைக்கட்டுக் கட்டுகிறோம்.

ஸ்பீக்கர்களைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று ஒரு சின்ன மைக்கையும் கூடவே தருகிறார்கள். அறை அமைதியாக இருக்க வேண்டுமாம். கூரைக் காற்றாடியை அணைத்து, சன்னலைச் சாத்தி, கோலாலம்பூர் வெயிலில் குடும்பமே மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கர் ஒவ்வொன்றாக 'உஸ்ஸ்' என்று ஊதிக்கொண்டு வரும். கடைசி ஸ்பீக்கருக்கு வரும் நேரம் பார்த்துக் கீழே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரனை அழுத்துவார். முகப்பில் 'இரைச்சல் அதிகம்' என்று பிழைச் செய்தி. மறுபடியும் முதல் ஸ்பீக்கர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் கொண்டுவரும் காயா ரொட்டி நன்றாக இருக்கும்.

உத்தரவாதக் காலம் ஓராண்டு. அது முடிந்து கொஞ்ச காலத்திலேயே எச்டிஎம்ஐ வெளியீடு அடியோடு போய்விட்டது. இருப்பதே ஒரு வெளியீடு. பழுதுபார்க்கும் நிலையத்தில் பெட்டியைத் திறக்கும் முன்பே, "மின்னல் அடித்திருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடி இடிக்காத வாரம் ஏது? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்தப் பழுதையும் கைகழுவிவிடலாம். வீட்டில் வேறு எதுவும் போகவில்லையே என்றேன். "அப்படியானால் பல்லி புகுந்திருக்கும்" என்றார். சூடு தணிய மேல்மூடியில் வரிசையாகத் துளை விட்டவர்கள் அவர்கள், சூட்டுக்கு ஒதுங்கியது பல்லி, பணம் கட்ட வேண்டியவன் நான். இத்தனைக்கும் திறந்து பார்த்தபோது பல்லியும் இல்லை, அதன் எச்சமும் இல்லை. முழு அட்டையை மாற்ற வேண்டும், அட்டை கையிருப்பில் இல்லை, எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் தொள்ளாயிரம் வெள்ளி ஆகும். "அதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் ஐயா" என்று யோசனை வேறு.

இதைக் கேட்டதும் வேலையிடத்து நண்பர் ஒருவர், ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய ஆம்பிளிபையரை வாங்கியிருக்க வேண்டும் என்றார். நல்ல கனமான சாமான்தான், மறுக்கவில்லை. 100 வோல்ட் கருவிக்குக் கீழே செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அவசரத்தில் யாராவது அதை நேராக நம் 230 வோல்ட்டில் செருகிவிடாமல் வாழ்நாள் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். அதில் எச்டிஎம்ஐயும் இருக்காது. ஒருவகையில் அது நிம்மதிதான்.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உதிரிபாகம் பற்றித் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைக்காது என்று விற்கும்போதே சொல்லியிருந்தால்தான் விலக்கு. பவர் அதிகம் என்று சொன்ன பையன் அதைச் சொல்லவே இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிய ஐந்து வெள்ளிக் கட்டணம். வழக்கறிஞர் தேவையில்லை. அந்தப் படிவத்தில் பொருள் மலிவா உயர்வா என்று கேட்கும் கட்டம் எங்கேயும் இல்லை. நிரப்பி வைத்திருக்கிறேன். ரசீதும் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், தயவு செய்து எழுதுங்கள். ஓராண்டு கழித்து எழுதுங்கள். எத்தனை ஸ்பீக்கரை உண்மையாகவே இணைத்திருக்கிறீர்கள், எந்தத் தொலைக்காட்சியோடு எந்த அமைப்பில் ஓடுகிறது, பழுதானபோது அட்டை கிடைத்ததா, என்ன விலை சொன்னார்கள் என்று எழுதுங்கள். குமிழி உறையைப் பற்றி யாரும் எழுத வேண்டாம்.