என் மீட்டர், என் காசு, ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல, என் மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. அந்தக் கூத்தைப் பத்தி எழுதியிருந்தேனே, அதுக்கு வந்த அறிவுரைக்கெல்லாம் சேர்த்து இந்தப் பதிவு.

நான் என்ன பெட்ரோல் பங்க்கா வைக்கக் கேட்டேன்? என் ஸ்கூட்டர் நிக்கிற இடத்துல, என் மீட்டர்லேர்ந்து, என் செலவுல ஒரு பிளக் பாயிண்ட். வீட்ல இருக்கிற கனெக்‌ஷன்லயே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கலாம்னு மத்திய மின் அமைச்சகம் 2022லயே சொல்லியாச்சு. பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். செக்ரட்டரி வாங்கி டீ கிளாஸுக்கு அடியில வெச்சுக்கிட்டார்.

"பேட்டரி வெடிச்சா யார் பொறுப்பு?" சரி, கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அதே பேஸ்மென்ட்ல ஜெனரேட்டர் பக்கத்துல டீசல் கேனுங்க, மூடிகூட சரியா இல்லாம, பழைய கோணி போர்த்தி நிக்குது. அதைப் பார்த்து ஒருத்தருக்கும் வயித்தைக் கலக்கல.

லோடு தாங்காதா? ஈ.பி.யைக் கேட்டுச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். வீட்டுக்கு மூணு ஏ.சி. மாட்டினப்போ மட்டும் இந்தக் கவலை எங்க போச்சாம்?

அடுத்து நம்ம கமெண்ட் அறிவாளிங்க: "கரண்டே நிலக்கரியிலதானே வருது!" ஆமாங்க, வருது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க, எங்க அத்தை வீடே அங்கதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்து முகத்துவாரத்துக்கு வந்தப்போ மீனவங்க வெறுங்கையால அள்ளினாங்க. அத்தை வீட்டுச் சுவத்துல முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வெள்ளையடிச்ச பிறகும் ஊறி வெளிய வருது. அது நிலக்கரி விட்ட கறையா? முப்பந்தல்ல கரண்டு எடுக்கிற காத்தாலைங்க கூடக்கூட கரண்டாவது கொஞ்சம் கொஞ்சமா சுத்தமாகும். உங்க பெட்ரோல் வண்டி வாங்கின நாள்லேர்ந்து காயலாங்கடைக்குப் போற வரைக்கும் புகைதான் விடும்.

2025 ஜூன்ல சென்னை வியாசர்பாடி டிப்போலேர்ந்து 120 மின்சார பஸ் இறக்கினாங்க. அவ்ளோ பெரிய பஸ்ஸுக்கு ராத்திரி சார்ஜ் போட வழி இருக்கு. என் ஸ்கூட்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட் இல்ல. நான் மூணாவது மாடிக்கு பேட்டரியைத் தூக்கிட்டு ஏறணும், ஏன்னா லிஃப்ட்லயும் அது வரக்கூடாதாம்.

இதெல்லாம்கூட பரவால்லைங்க. கடைசியா அத்தனை பேர் முன்னாடி செக்ரட்டரி சொன்னார்: "ஓனரை வரச் சொல்லுங்க சார். வாடகைக்கு இருக்கறவங்க இதுல பேசறது முறையில்ல." ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. தினமும் குட்மார்னிங் சொல்றவங்கதான் எல்லாரும்.

மெயின்டனன்ஸ் மட்டும் அஞ்சாம் தேதிக்குள்ள என்கிட்டதான் கேக்கறாங்க. அதுக்கு ஓனரை யாரும் தேடறதில்ல.