விகாரமகாதேவி பூங்காவின் பெரிய மரங்களும் ஒரு கறுவாப் பாத்தியும்

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் புது நடைபாதை, புது விளக்கு, புது ஊஞ்சல் என்றுதான் கேட்கிறோம். பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு காசு கொட்டினாலும் திரும்ப வாங்க முடியாதவை அங்கே நிற்கும் பெரிய மரங்கள். அவற்றையும் அவற்றின் மண்ணையும் பராமரிக்கவென்றே ஒரு நிரந்தர வேலைத்திட்டம் வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒல்லாந்தர் 1760களின் கடைசியில் மருதானைப் பக்கம் கறுவாவைத் தோட்டப் பயிராக நடத் தொடங்கினார்கள். அதுவரை காட்டு மரத்தில்தான் பட்டை உரித்தார்கள். 1833இல் ஆங்கிலேயர் கறுவா வணிகத்தில் தமக்கிருந்த தனியுரிமையைக் கைவிட்ட பின், கறுவா நின்ற காணிகள் மெல்ல மெல்ல வீடும் வளவுமாக மாறின. அந்தப் பகுதியில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா நகரத்துக்குக் கொடுத்த காணிதான் விக்டோரியா பூங்காவாகி, பிறகு இன்றைய பெயரைப் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் படையினர் முகாமிட்டிருந்த இடம், 1951இல் திரும்பவும் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

மரத்துக்கு வரும் பெரிய ஆபத்து கோடரி அல்ல, நடைபாதைக்குப் பதிக்கும் இன்டர்லொக் கல். பெரிய மரத்தின் வேர் ஆழத்துக்குப் போய்விடும், மேலே என்ன செய்தாலும் பாதகமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நீரும் சத்தும் உறிஞ்சும் வேரில் பெரும்பங்கு மேல்மண்ணின் 2 அடிக்குள்தான் படர்ந்திருக்கிறது. கல் பதிக்க 8, 10 அங்குலம் தோண்டி, சல்லி கொட்டி, ரோலர் ஓட்டினால் பாதி வேர் அங்கேயே அறுந்துபோகும், மிச்சம் காற்றில்லாமல் அழுகும். மரம் உடனே வாடுவதில்லை. சில வருடம் கழித்து உச்சிக் கொப்பு காயத் தொடங்கும். அதற்குள் கொந்தராத்துக்காரர் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார். "மரம் கிழடாகிவிட்டது" என்று சொல்லித் தறிப்பார்கள்.

இதைத் தடுக்க ஓர் அளவுநாடா போதும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் வரும். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அடி என்று ஆரம் போடுங்கள். 40 அங்குல மரத்துக்கு 40 அடி. அந்த வட்டத்துக்குள் கிடங்கு வெட்டவோ, லொறி நிறுத்தவோ, மண் கொட்டி உயர்த்தவோ கூடாது. பாதை கட்டாயம் வேண்டுமென்றால் தோண்டாமல் தூண்மேல் பலகை போடலாம். மண் ஏற்கெனவே இறுகிப்போன இடத்தில் சருகையும் மரச் சிராயையும் 3, 4 அங்குலத் தடிப்பில் மூடாக்காகப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விட வேண்டும். அடிமரத்தோடு ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும்.

கொப்பு வெட்டுவதும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. முதல் வெட்டு கீழ்ப்பக்கம்: அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, தடிப்பில் மூன்றிலொரு பங்கு. இரண்டாவது அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. இப்போது கொப்பு பட்டையைக் கிழிக்காமல் விழும். மூன்றாவது வெட்டில் மிஞ்சிய கட்டையை எடுக்க வேண்டும். கொப்பு தொடங்கும் இடத்தில் மோதிரம் போலத் தடித்த ஒரு கழுத்து தெரியும். காயத்தை மூடும் புதுத் திசு அதிலிருந்துதான் வளரும், ஆகவே அதற்கு மட்டுமட்டாக வெளியே வெட்டுங்கள். கழுத்தைச் சேர்த்து அறுத்தால் காயம் மூடாது, நீட்டிக் கட்டை விட்டால் அது உக்கி உள்ளே இறங்கும். தாரோ பெயின்ரோ பூச வேண்டியதில்லை. மழைக்காற்றுக்குப் பயந்து மரத்தை மொட்டையடிக்கிறார்களே, அதுதான் படுமோசம். அப்படி வெட்டினால் குப்பென்று வரும் புதுக் கிளைகள் பட்டைக்கடியில் மேலோட்டமாக ஒட்டியிருக்கும். கனத்ததும் காற்றுக்கு முறிவது அவைதான்.

சருகை எரிக்கக் கூடாது. மூடாக்குக்குப் போக மிஞ்சுவதைக் கூட்டெருவாக்கலாம். நாலு பக்கமும் 1 மீற்றருக்குக் குறையாத குவியல், காய்ந்த சருகு மூன்று பங்கு, வெட்டிய பச்சைப் புல் ஒரு பங்கு. ஒரு பிடியை இறுக்கினால் ஓரிரு துளி கசிய வேண்டும். நாலைந்து நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வராவிட்டால் பச்சை போதாது அல்லது ஈரம் போதாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது, புரட்டிச் சருகு சேருங்கள். கொழும்பு மழைக்கு மேலே பொலித்தீன் விரிப்பு வேண்டும். அதைத் தளர்வாகப் போட்டால் மடிப்பில் நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். மூங்கிலை வளைத்து, மேலே இழுத்துக் கட்டினால் நீர் வழிந்துவிடும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒரு தடவை விரிப்பு, சிரட்டை, யோகட் கப், மரப்பொந்து எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். பொந்தில் கொங்கிறீட் ஊற்றாதீர்கள். காற்றில் மரம் அசையும், கொங்கிறீட் அசையாது. உள்ளே உராய்ந்து அழுகல்தான் கூடும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று கேட்கிறேன்: நல்ல வெயில் படும் ஒரு மூலையில் 20 பேர்ச்சில் (ஏறக்குறைய 5,445 சதுர அடியில்) கறுவா. வரிசைக்கு வரிசை 4 அடி, குழிக்குக் குழி 3 அடி என்று வைத்தால், நடைவழி போக 400 குழி வரை வரும். குழி ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஸ்ரீ கெமுனு, ஸ்ரீ விஜய என்ற கறுவா இனங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடலாம். மணல் கலந்த மண் கறுவாவுக்குப் பிடிக்கும், நீர் தேங்கினால்தான் பிடிக்காது. இரண்டரை, மூன்று வருடத்தில் தடிகளை நிலத்திலிருந்து 2 அங்குலம் விட்டுச் சரிவாக வெட்டலாம், கட்டை திரும்பத் தளிர்க்கும்.

உரிப்பதை மக்கள் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வெட்டிய அன்றே உரித்துவிட வேண்டும். வளைந்த கத்தியால் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் அழுத்தித் தேய்த்தால் உட்பட்டை தடியை விட்டு நழுவும். இரண்டு பக்கமும் நீளவாக்கில் கீறி, இரண்டு பாதியாகக் கழற்றி, சின்னத் துண்டுகளை உள்ளே அடைத்து 42 அங்குலக் குழலாக்கி, கூரைக்கடியில் கயிற்றில் உலர விடுவார்கள். வெயிலில் போட்டால் கோணிவிடும். மழைக்குப் பிறகு, செந்தளிர் முற்றிப் பச்சையான சமயத்தில்தான் பட்டை இலகுவாகக் கழரும். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். வருடம் இரண்டு முறை அவர்களை நல்ல கூலி கொடுத்து அழைத்து, இளைஞர்களைப் பக்கத்தில் இருத்திப் பழக்கலாம்.

மாநகர சபைக்கு எழுதுகிறவர்கள் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஒவ்வொரு மரத்துக்கும் விட்டமும் வேர் வட்டமும் குறித்த பதிவேடு, கறுவாவுக்கு ஒரு நாற்றுமேடை. கறுவா விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். பழுத்துக் கறுத்த பழத்தைப் பறவைகள் தின்னுமுன் பறித்து, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். ஆகவே பழம் பழுக்குமுன்பே மேடையும் மண் நிரப்பிய பைகளும் தயாராக இருக்கட்டும்.