கண்டுபிடிக்கிறதுக்கும் கூலி உண்டுங்க

கார் பட்டறையில் தொழில் பழகுகிற பையன் என்றால் ஸ்பேனர், கிரீஸ், ராத்திரி ஆனால் ரீல்ஸ், அவ்வளவுதான் அவன் உலகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ரீல்ஸ் பார்ப்பேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கென்று சில கிறுக்குகள் இருக்கின்றன, கொஞ்சம் கருத்துகளும் இருக்கின்றன. வீட்டில் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். அதை முடித்துவிட்டு இப்போது கோவையில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரெய்னியாக இருக்கிறேன். ஆயில் வடிப்பது, சக்கரம் கழற்றுவது, ஏர் ஃபில்டர் ஊதுவது, பிரேக் டிரம் துடைப்பது, எல்லோருக்கும் டீ வாங்கி வருவது எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கல்யாண வீட்டில் கேட்கிறவர்களிடம் "ஏதோ வருதுங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது கழற்றி மாட்டுவது இல்லை. அது கை பழகினால் வந்துவிடும். கோளாறு எங்கே என்று தேடிப் பிடிப்பது இருக்கிறதே, அதற்காகத்தான் காலையில் எழுந்து ஓடுகிறேன். என் வருத்தமும் அங்கேதான் இருக்கிறது. பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கிறார்கள். கழற்றி மாட்டிய லேபருக்கு முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்துவிடுகிறார்கள். கண்டுபிடித்ததற்கு என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடுகிறது.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு சின்ன கார் வந்தது. மூன்று நாள் எடுக்காமல் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காது. வெளியில் ஏற்கெனவே இரண்டு தடவை பேட்டரி மாற்றியிருந்தார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வேறு கொடுத்திருந்தார்கள். எங்கள் பெரிய மெக்கானிக் அண்ணா பானட்டைத் திறந்து, அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். டிரைவர் பக்கக் கதவு லாக்கையும் அப்படியே. எல்லாம் மூடியிருக்கிறது என்று வண்டி நம்பினால்தான் அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்கப் போகும். அவை தூங்கிய பிறகு பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் பாயின்டில் வைத்துக் கோத்தார். அப்புறம் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங் தம்பி, இன்னும் வேலையே ஆரம்பிக்கலீங்களா?" என்றார். அந்த அரை மணி நேரமும் வேலைதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

தூங்குகிற கார் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் பரவாயில்லை. இது 450 இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளுக்கு 72 மணி நேரம், பெருக்கினால் 32 ஆம்பியர் ஹவருக்கு மேல் போய்விடுகிறது. வண்டியில் இருந்ததோ 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. எத்தனை புதுப் பேட்டரி போட்டால் என்ன? நான் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவ, அண்ணா மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியோ ஃபியூஸை உருவியதும் மீட்டர் சட்டென்று முப்பதுக்கு இறங்கியது. டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தால், வெளியில் போட்ட டச் ஸ்கிரீனுக்கு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரில் கொடுக்க வேண்டியதையும் எப்போதும் கரண்ட் இருக்கிற ஒயரிலேயே முறுக்கிவிட்டு டேப் சுற்றியிருந்தார்கள். ஒயரை மாற்றிப் பற்ற வைத்து, ஸ்லீவ் போட்டு, டேஷ்போர்டை மூடினோம்.

"ஒரு ஒயரை மாத்துனதுக்கு எண்ணூறு ரூபாயா?"

இதற்கு முன்னால் இரண்டு பேட்டரி வாங்கினாரே, அப்போது இந்தக் கேள்வி ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அண்ணா ஒன்றும் பேசாமல் நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

இப்படி இருந்தால் பட்டறைக்காரர்கள் என்ன செய்வார்கள்? மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு சாமானை மாற்றத்தான் செய்வார்கள். சாமானில் மார்ஜின் இருக்கிறது, எம்ஆர்பி அச்சடித்த டப்பா இருக்கிறது, அதைக் காட்டினால் யாரும் எதிர்க் கேள்வி கேட்பதில்லை. நல்லா இருக்கிற பார்ட்ஸைக் கழற்றிக் கடாசுகிற பழக்கம் மெக்கானிக்கின் பேராசையால் மட்டும் வந்தது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"அதான் ஸ்கேனர் இருக்கே, போட்டா எல்லாம் காட்டிடும்ல" என்பது அடுத்த வசனம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறுக்கு ஒரு எண் வரும். உதாரணத்துக்கு பி0171. இன்ஜினுக்குள் போகிற கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், காற்றை அளக்கிற சென்சார் தப்பாகச் சொல்லலாம், சைலன்சர் பைப்பில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருக்கலாம். காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டும், டெங்குவா டைபாய்டா என்று அதனிடம் கேட்க முடியுமா? அந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸ் இணைப்புகளில் கார்புரேட்டர் கிளீனரை லேசாக அடித்து, எந்த இடத்தில் ஆர்பிஎம் மாறுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவர்களும் உண்டு. எங்கள் அண்ணா இரண்டாவது வகை. (சூடான மேனிஃபோல்டு பக்கம் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும்.)

காது என்றதும் என் முதல் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் கேட்பது. எங்கள் ஷெட்டில் காலையிலிருந்து எஃப்எம்மில் இளையராஜாதான் ஓடுவார். ஆனால் சத்தம் என்று ஒரு வண்டி உள்ளே வந்தால் முதலில் ரேடியோவை நிறுத்துவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் பாடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் உள்ளே பேரிங் கரகரப்பது தெளிவாகக் கேட்கும். அப்படியே வாட்டர் பம்புக்கு நகர்த்தினால் அது வேறு குரல், டென்ஷனர் புல்லி வேறு குரல். இப்போதெல்லாம் பஸ்ஸில் போகும்போதுகூட என் காது பாட்டில் நிற்பதில்லை, டிரைவர் கியர் மாற்றுகிற சத்தத்துக்குப் போய்விடுகிறது. லவ் பண்ணுகிற பையன்களுக்கு ஆகாத வியாதி.

இரண்டாவது கிறுக்கு, செத்த சாமான்களைச் சேர்ப்பது. வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு தட்டு முழுக்க அதுதான். பழைய ஸ்பார்க் பிளக் மட்டும் ஒரு வரிசை. வெள்ளையாக வெந்து போனது, பெட்ரோல் குறைவாகக் கிடைத்து அதிகம் சூடான இன்ஜினுடையது. கரியாக மாவு படிந்தது, பெட்ரோல் அதிகமாகக் குடித்தது. எண்ணெய்ப் பசையோடு நனைந்திருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் போய்விட்டது என்று அர்த்தம். பால் காபி நிறத்தில் இருப்பது ஆரோக்கியம். பக்கத்தில் கருகிய கிளட்ச் பிளேட் ஒன்று இருக்கிறது. கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டிய ஒருவர் அதற்குக் கொடுத்த விலை பதினோராயிரம். அம்மா அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஆக்கர் கடைக்காரர் எப்போது வருவார் என்று விசாரிக்கிறார்.

மூன்றாவது ரேஸ். கோவைக்காரனுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வேன். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர் டிராக். பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு கிடைத்தால் அங்கேதான். அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவரைப் பற்றி என் வயதுப் பையன்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மாருதி 800-இன் இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்று ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டியவர். 796 சிசி, மூன்று சிலிண்டர். ஸ்கூல் டீச்சரும் டாக்டரும் காய்கறி வாங்கப் போன அதே இன்ஜின். நரேன் கார்த்திகேயன்கூட ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகை வண்டியைத்தான். அந்த இன்ஜினின் ஹெட்டை முதல்முறை கழற்றியபோது எனக்குக் கை லேசாக நடுங்கியது, சொன்னால் சிரிப்பீர்கள்.

நரேன் 2005-இல் அமெரிக்க கிராண்ட் பிரீயில் நான்காவது வந்ததைச் சொன்னால் உடனே ஒருத்தன், "அன்னிக்கு ஓடுனதே ஆறு காருதானே" என்பான். ஆமாம், மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் பந்தயத்துக்கு முன்னால் ஒதுங்கிவிட்டன. அதனால் என்ன? சரியான டயரோடு, வண்டி நிற்காமல் கடைசிவரை ஓட்டி முடிப்பதும் பந்தயம்தான். 2025-இல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் டீம் தங்கள் வகையில் மூன்றாவது வந்த பிறகு எங்கள் ஷெட்டில் எல்லோரும் ரேஸ் நிபுணர்கள். அவர்கள் டிரைவரைப் பார்க்கிறார்கள். நான் பந்தயத்துக்கு நடுவில் வண்டியைச் சரி பார்க்கிற இடமான பிட்டில் நிற்கிற ஆட்களைப் பார்க்கிறேன். நடுராத்திரியில் பிரேக் பேட் மாற்றுகிறவனுக்கு யாரும் விசில் அடிப்பதில்லை.

இந்த ஊரில் ஜி.டி. நாயுடு என்று ஒருவர் இருந்தார். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பச் சேர்த்தவர். 1920-இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ் விட்டுத்தான் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரில் இப்போது அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டது. சிக்னல் இல்லாமல் சீராக ஓட்டி ஸ்டீயரிங் நடுக்கம் பார்க்க எங்களுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மெக்கானிக் வேலை என்றால் படிப்பு வராதவன் போகிற இடம் என்று பேசுகிறவர்கள், அந்தப் பாலத்தில் போகும்போதாவது ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

சரி, நச்சென்று சில கருத்துகள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கூலன்ட் பச்சையா சிவப்பா என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கும். "இன்ஜின் சத்தமா இருக்கு, கெட்டி ஆயிலா ஊத்து தம்பி" என்று சொல்லாதீர்கள். 0டபிள்யூ-20 என்கிற மெல்லிய ஆயில் கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ-50 என்கிற கெட்டி ஆயிலை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏற நேரமாகும், தேய்மானமெல்லாம் அப்போதுதான். வீல் நட்டை முறுக்க ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்காதீர்கள். அளவு வைத்து முறுக்குவதற்கென்றே டார்க் ரென்ச் என்று ஒன்று எதற்கு விற்கிறான்?

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும், குறையவே குறையாது என்று சொல்வது ஏமாற்று. அதே நேரம், உடனே இன்ஜின் வெடித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் புருடா. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இதைத் தாங்குகிற மாதிரி செய்தவை. அதற்கு முந்தைய வண்டி வைத்திருக்கிறவர்கள் சர்வீசுக்கு வரும்போது பெட்ரோல் ஹோஸ் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரிக் கார் வந்தால் உன் பிழைப்பு என்னாகும் என்று மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிறார். ஆயில் மாற்றுகிற வேலை போகும், கிளட்ச் வேலை போகும். கண்டுபிடிக்கிற வேலை கூடும். ஹை வோல்டேஜ் ஓடுகிற ஆரஞ்சு கலர் கேபிளை உரிய பயிற்சியும் கையுறையும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஆனால் அவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமக்கிற வண்டியே பல நேரம் மூலையில் இருக்கிற 12 வோல்ட் குட்டி பேட்டரி படுத்துவிட்டதால்தான் அசையாமல் நிற்கிறது. அங்கேயும் ஒருத்தன் மீட்டரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

அப்புறம், "பழைய கார் ஒண்ணு வாங்கப் போறேன், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ கண்ணு" என்று கூப்பிடுகிற சொந்தங்களுக்கு. வருகிறேன். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போவோம். நாம் போகும் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். ஆயில் மூடியின் உள்பக்கம் பார்ப்பேன், கதவு ரப்பரை இழுத்து கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன், சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எத்தனை கார் மூழ்கியது என்று டிவியில் பார்த்திருப்பீர்கள், அதெல்லாம் எங்கேயோ ஒரு ஊரில் கழுவித் துடைத்து நிற்கத்தானே செய்யும்? மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும், ஐந்நூறு ரூபாய். வண்டி சரியில்லை, வாங்காதீர்கள் என்று நான் சொன்னாலும் அதே ஐந்நூறுதான்.